சான்றிதழுக்குச் சான்று யார்?

"சான்றிதழ் இருக்கிறதே, இன்னும் என்ன ஐயம்?" என்று கேட்கிறார்கள். புகழ்பெற்றோரின் கையொப்பங்களையும் ஓவியங்களையும் விற்போர் கேட்கும் கேள்வி இது. அவர்களை நம்பி வாங்கி, கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டி, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டி மகிழ்வோரும் இதையே கேட்கின்றனர். கேள்வியே பிழையானது என்பது நமது கட்சி. சான்றிதழ் என்பது யாரோ ஒருவர் சொன்ன சொல். சொன்னவர் யார், அவர் நேரில் கண்டது எது, அப்படிச் சொல்வதனால் அவருக்குக் கிட்டும் ஆதாயம் யாது என்று வினவாமல் அச்சொல்லை ஏற்பது, சாட்சியை விசாரியாமல் தீர்ப்பெழுதும் நீதிபதியின் செயலை ஒக்கும். அத்தகைய தீர்ப்புகள் இன்று பெருந்தொகைக்கு விலைபோகின்றன.

2022ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றை முதற்கண் சொல்வோம். 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற பாடகர் பாப் டிலன், பாடல்களைப் பற்றி உரைநடை நூலொன்று எழுதினார். சைமன் அண்ட் ஷுஸ்டர் என்னும் பெரும் பதிப்பகம் அதனை வெளியிட்டது. ஆசிரியர் தம் கைப்பட ஒப்பமிட்ட 900 படிகள் மட்டும் தனியே விற்கப்பட்டன. ஒவ்வொன்றின் விலை 599 டாலர். ஒவ்வொரு படியுடனும் பதிப்பகத் தலைவரே ஒப்பமிட்ட உறுதிக் கடிதம் ஒன்றும் சென்றது. சான்றிதழ் என்றால் இதைவிட மேலான சான்றிதழ் எது? தெருவோரத் தரகன் எழுதிக் கொடுத்ததன்று. நூலை அச்சிட்டவரே கொடுத்தது. சந்தேகிப்பவனைப் பித்தன் என்றிருப்பார்கள்.

படிகள் வீடுகளுக்குச் சென்று சேர்ந்தன. வாங்கியவர்கள் தத்தம் படியிலிருந்த ஒப்பத்தைப் படம்பிடித்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டனர். அப்போது ஒரு விந்தை புலப்பட்டது. வெவ்வேறு ஊர்களுக்குச் சென்ற படிகளில் ஒப்பங்கள் வளைவுக்கு வளைவு, கோட்டுக்குக் கோடு ஒன்றாகவே இருந்தன. ஒரு சில அச்சுகளே மீண்டும் மீண்டும் வந்திருந்தன. மனிதக் கை இட்டதன்று, எழுதுகோலைப் பிடித்து ஓட்டும் 'ஆட்டோபென்' என்னும் இயந்திரம் இட்டது என்பது வெளிப்பட்டது. பதிப்பகம் மன்னிப்புக் கோரிப் பணத்தைத் திருப்பித் தந்தது. டிலனும் அறிக்கை விடுத்தார். 2019இல் தமக்குத் தலைச்சுற்றல் நோய் கண்டதென்றும், அது பெருந்தொற்றுக் காலத்திலும் தொடர்ந்ததென்றும், ஒப்பந்தக் கெடு நெருங்கியபோது இயந்திரத்தைப் பயன்படுத்தலாம் என்று பிறர் சொன்னதை ஏற்றதாகவும் அதில் கூறினார். கலையுலகிலும் இலக்கிய உலகிலும் இஃது எப்போதும் நடப்பதுதான் என்று தமக்கு உறுதி கூறப்பட்டதாகவும் அவர் சொன்னார். நூலில் மட்டுமன்றி, அக்காலத்தில் விற்ற தம் ஓவிய அச்சுப்படிகளிலும் அவ்வியந்திரம் புகுந்திருந்ததை அவரே ஒப்புக்கொண்டார்.

நோயுற்ற முதியவரின் மேல் நமக்குக் கோபமில்லை. 'எப்போதும் நடப்பதுதான்' என்ற அந்தச் சொல்லின் மேல்தான் கோபம். எப்போதும் நடப்பதாயின் எப்போதும் சொல்லிவிட்டே நடத்தியிருக்கலாமே! 'இயந்திரம் இட்ட ஒப்பம்' என்று எழுதி விற்றிருந்தால் ஒருவரும் குறைகூற முகாந்திரமில்லை. ஆனால் 599 டாலர் கொடுக்க எவரும் முன்வந்திருக்கவும் மாட்டார்கள். அந்த விலை மைக்குக் கொடுத்ததன்று. 'அவருடைய கை இந்தத் தாளின்மேல் ஒரு கணம் தங்கியது' என்ற செய்திக்குக் கொடுத்தது. அந்தச் செய்தி பொய்யாக இருந்தது.

இங்கே வாசகர் ஒன்றைக் கருத வேண்டும். போலியைக் காட்டிக்கொடுத்தது வேறுபாடு அன்று, ஒற்றுமை. சாதாரண மனிதர் இருமுறை ஒப்பமிட்டால் இரண்டும் ஒன்றாக இரா. உட்கார்ந்த விதம், தாளின் வழவழப்பு, மனத்தின் அவசரம், விரலின் களைப்பு இவையெல்லாம் கோட்டில் இறங்கும். ஆகவே இரு ஒப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போல் பொருந்துமாயின், இரண்டில் ஒன்றேனும் படியெடுத்ததாகவோ இயந்திரத்தில் வந்ததாகவோ இருக்க வேண்டும். 'அச்சு அசல் அவர் கையெழுத்தேதான்' என்று நாம் வியந்து சொல்லும் இடத்தில்தான் ஐயம் பிறக்க வேண்டும். அச்சு என்றும் அசல் என்றும் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் நம் வழக்கின் முரணை இதற்குமுன் எவரும் எண்ணிப் பார்த்தாரோ, அறியோம்.

மறுதலையாக, ஒரே மனிதரின் கையெழுத்து முற்றிலும் வேறுபடவும் கூடும். 1909 நவம்பரில் இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பிய கப்பலில் காந்தியடிகள் 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலைப் பத்தே நாட்களில் எழுதி முடித்தார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். ஒரே நூல், ஒரே ஆசிரியர், இரண்டு கைகள். இடக்கைப் பக்கமொன்றைத் தனியே பிரித்து, வலக்கைப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால், 'போலி' என்று துணிந்து சொல்லும் நிபுணர்களும் கிடைப்பார்கள்.

இதனால்தான் நம் பழைய சட்ட அறிஞர்கள், ஒரு கையெழுத்து மற்றொரு கையெழுத்தைப் போலவே இருக்கக்கூடும் என்று கூறி, கையெழுத்து ஒன்றை மட்டும் ஆதாரமாகக் கொண்டு வழக்கைத் தீர்க்கத் தயங்கினார்கள். மத்ரஸா மாணவர்கள் இதனை மனனம் செய்கிறார்கள். பொருள் உணர்ந்தவர் எத்தனை பேரோ! பத்தொன்பதாம் நூற்றாண்டில் உதுமானியர் தொகுத்த மஜல்லா சட்டமும், போலிக்கும் புனைவுக்கும் இடமில்லை என்று தெளிந்தாலொழிய எழுத்தையும் முத்திரையையும் மட்டும் கொண்டு செயற்படலாகாது என்றது. எழுத்தே அறியாதவர்களின் தயக்கமன்று இது. எழுத்துக்கலையை விண்ணளவு உயர்த்திய ஒரு நாகரிகம், எழுத்தை நன்றாக அறிந்திருந்த காரணத்தாலேயே கொண்ட தயக்கம்.

இப்னுல் பவ்வாப் என்னும் பக்தாத் எழுத்துக்கலைஞரின் வரலாறு இதற்குச் சான்று. கி.பி. 1022இல் மறைந்தவர். அவர் எழுதிய திருக்குர்ஆன் படியொன்று ஹிஜ்ரி 391ஆம் ஆண்டு என்ற குறிப்புடன் இன்றும் டப்ளின் நகரத்துச் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. அவர் ஷீராஸில் புவைஹ் மன்னர் பஹாவுத் தவ்லாவின் நூலகத்தைக் கவனித்து வந்தபோது, முந்திய தலைமுறையின் மேதை இப்னு முக்லாவின் கையால் எழுதப்பட்ட முப்பது பாகங்களில் ஒன்று மட்டும் காணாமற்போயிருந்தது. இப்னுல் பவ்வாப் பழைய தாள்களைத் தேடியெடுத்து, அதே கையில் அந்தப் பாகத்தை எழுதி, பழைய அட்டையிட்டு மற்றவற்றோடு வைத்தார். பின்னர் மன்னர் முப்பதையும் வரவழைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எது புதிது என்று அவரால் சொல்லக்கூடவில்லை. யாகூத் அல்-ஹமவீ தம் அறிஞர் வரலாற்று நூலில் இதனைப் பதிந்துள்ளார்.

"பார்த்தீரா! உம்முடைய முன்னோரும் இதைத்தானே செய்தார்கள்?" என்று நம்மை மடக்க நினைப்போர் உண்டு. மற்றொரு யாகூத்தையும் அவர்கள் துணைக்கு அழைப்பார்கள். இவர் 1298இல் மறைந்த யாகூத் அல்-முஸ்தஃஸிமீ. அப்பாஸியரின் கடைசிக் கலீஃபாவிடம் இருந்த எழுத்துக்கலைஞர். இவர் பெயர் பொறித்த ஏடுகள் உலக நூலகங்களில் ஏராளம். அவற்றுள் பல இவர் கையால் எழுந்தவை அல்ல என்பது ஆய்ந்தோர் முடிவு. ஆசிரியரின் பெயரை மாணவர் இட்டதும் உண்டு. காசுக்காகப் பிற்காலத்தார் இட்டதும் உண்டு. இதை நாம் மறைக்கப் போவதில்லை.

ஆனால் அவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. இப்னுல் பவ்வாப் மன்னரிடம் சொல்லிவிட்டே அப்பணியை மேற்கொண்டார். ஏமாற்ற முயன்றதன்று, திறனைச் சோதித்தது. அன்றியும் அதே எழுத்துக்கலை மரபு ஒரு காவலையும் வைத்திருந்தது. பயிலும் மாணவர் எத்துணை அழகாக எழுதினாலும், 'கதபஹு' — அதாவது 'இதனை எழுதியவர்' — என்று தொடங்கித் தம் பெயரை அடியில் இட உரிமையில்லை. ஆசிரியர் 'இஜாஸா' கொடுத்த பின்னரே அவ்வுரிமை கிட்டும். உதுமானிய எழுத்துக்கலைஞர்களிடம் இம்முறை மிகவும் செழித்தது. மாணவர் எழுதிய பலகையின் அடியில் ஆசிரியர்கள் தம் கையாலேயே அனுமதி வாசகத்தை எழுதி, தம் பெயரையும் இடுவார்கள். ஒப்பமிடும் உரிமையே சாட்சிகளின் முன்னிலையில் பெறும் ஒன்றாக இருந்தது. ஒப்பம் அலங்காரமன்று, பொறுப்பு என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்திய வேறொரு முறையை நாம் கண்டதில்லை. 900 தாள்களில் இயந்திரத்தை ஓட்டியவர்கள் இந்தப் பொறுப்பைத்தான் விற்றார்கள்.

விற்கப்பட்டது அங்கு மட்டுமன்று. ஸ்பெயின் தேசத்து ஓவியர் சல்வதோர் டாலி வெற்றுத் தாள்களில் தம் ஒப்பத்தை மட்டும் இட்டுக் கட்டுக்கட்டாகக் கொடுத்து வந்தார். 1974இல் அந்தோராவுக்குச் சென்ற வண்டியொன்றை பிரெஞ்சுச் சுங்க அதிகாரிகள் நிறுத்திச் சோதித்தபோது அத்தகைய தாள்கள் பல்லாயிரக்கணக்கில் இருந்தன. ஓவியம் இல்லை; ஒப்பம் மட்டும் உண்டு. பின்னர் யாரோ எதையோ அச்சிட்டு, 'டாலி ஒப்பமிட்ட ஓவியப்படி' என்று விற்கலாம். நிபுணரிடம் காட்டினால், ஒப்பம் உண்மையானது என்றே அவர் சொல்வார், சொல்வதில் பொய்யுமில்லை. டிலனின் படியில் நூல் மெய், ஒப்பம் பொய். டாலியின் தாளில் ஒப்பம் மெய், அதன் மேலுள்ளது பொய். ஒப்பத்தை மட்டும் ஆராய்ந்து கொடுக்கும் சான்றிதழ் இவ்விரண்டிலும் வாங்குபவனைக் காப்பாற்றாது.

அப்படியானால் எதைத்தான் ஆராய்வது? கைமாறி வந்த வழியை. ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இது புதிதன்று. செய்தியின் வாசகம் எவ்வளவு அழகாக இருப்பினும், 'உனக்கு யார் சொன்னார்? அவருக்கு யார் சொன்னார்? இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததுண்டா?' என்பதே அங்கே முதற்கேள்வி. இந்தக் கேள்வி ஆவணங்களிலும் செல்லும் என்பதை ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாதில் காட்டியவர் கதீபுல் பக்தாதீ (ரஹ்). கைபர்வாசிகளுக்குத் தலைவரி விலக்களித்து நபி (ஸல்) அவர்கள் கொடுத்ததாக ஓர் ஆவணம் கலீஃபாவின் அமைச்சரிடம் வந்தது. அலீ (ரலி) அவர்களின் கையெழுத்து என்றார்கள். தோழர்கள் சிலரின் சாட்சிப் பெயர்களும் இருந்தன. அமைச்சர் அதனைக் கதீபிடம் காட்டினார். அவர் பார்த்தவுடன் 'போலி' என்றார். 'எப்படி?' என்றதற்கு அவர் மையைப் பற்றியும் பேசவில்லை, எழுத்தின் சுழியைப் பற்றியும் பேசவில்லை. சாட்சிகளுள் முஆவியா (ரலி) பெயர் இருக்கிறது. அவர் இஸ்லாத்தில் இணைந்தது மக்கா வெற்றியாண்டில், அதாவது ஹிஜ்ரி 8இல். கைபர் வெற்றியோ ஹிஜ்ரி 7இல். ஸஅத் இப்னு முஆத் (ரலி) பெயரும் இருக்கிறது. அவரோ ஹிஜ்ரி 5இலேயே மறைந்துவிட்டார். இறந்தவர் எப்படிச் சாட்சியிட்டார்? இரண்டே ஆண்டுக் கணக்கில் ஓர் அரசாங்க ஆவணம் சரிந்தது.

இவ்வளவு எளிய கேள்வியைக் கேட்க நியூயார்க் நகரத்துச் செல்வந்தர்களுக்கு நா எழவில்லை. 165 ஆண்டுப் பழைமை வாய்ந்த நோட்லர் ஓவியக்கூடம், ஜாக்சன் போலக், மார்க் ரோத்கோ முதலியோரின் இதுவரை எவரும் கண்டிராத ஓவியங்கள் என்று சொல்லி, 1994 முதல் பதினைந்து ஆண்டுக்காலம் விற்று வந்தது. குவீன்ஸ் பகுதியில் தம் வீட்டில் அமர்ந்து ஒரு சீன ஓவியர் வரைந்தவை அவை. அவரிடமிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்த தரகர் சொன்ன வரலாறு என்ன? பெயர் வெளியிட விரும்பாத ஒரு பெருஞ்செல்வர், 'மிஸ்டர் எக்ஸ்', ஓவியர்களிடமே நேரடியாக வாங்கினாராம். மத்ரஸாவில் இரண்டாம் ஆண்டு மாணவனைக் கேளுங்கள்: 'ஒரு மனிதர் எனக்குச் சொன்னார்' என்று தொடங்கும் அறிவிப்பின் தரம் என்ன? பெயரறியா அறிவிப்பாளர்; ஆகவே பலவீனமானது என்று உடனே சொல்வான். எட்டு கோடி டாலர் அந்த 'எக்ஸ்' என்ற ஒற்றை எழுத்தை நம்பிக் கொட்டப்பட்டது. இதில் நகைப்புக்கிடமான செய்தி ஒன்றும் உண்டு. போலக்கின் ஓவியமெனப்பட்ட ஒன்றில் அவர் பெயரே எழுத்துப்பிழையோடு இருந்தது. சொந்தப் பெயரை ஒருவர் பிழையாக எழுதுவாரா என்று கேட்க யாருமில்லை. கலை ஆய்வுக்கான பன்னாட்டு அறக்கட்டளை 2003இல் ஒரு போலக் ஓவியத்தை ஏற்க மறுத்தது. கூடம் அதற்குரிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றவற்றை விற்பதைத் தொடர்ந்தது. 2011இல் கூடம் மூடப்பட்டது. 2013இல் தரகர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

'வழியைக் கேள்' என்று சொன்னால், வழியையே புனையும் கயவர்களும் பிறப்பார்கள். அறிவிப்பாளர் தொடரைப் புனைந்தவர்களை ஹதீஸ் கலையும் கண்டதுதான். இங்கிலாந்தில் 1986க்கும் 1995க்கும் இடையே ஜான் மையட் என்னும் ஓவியர் ஏறத்தாழ 200 போலிகளை வரைந்தார். வீட்டுச் சுவருக்குப் பூசும் வண்ணத்தைக்கூடப் பயன்படுத்தினார். அவை தொழில்நயத்தில் பெரிதும் உயர்ந்தவை அல்ல. அவற்றுக்கு உயிர்கொடுத்தவர் ஜான் ட்ரூ என்னும் கூட்டாளி. அவர் தேட் கலைக்கூடத்துக்கு நன்கொடை கொடுத்து ஆவணக் காப்பகத்தில் நுழைந்தார். அங்கிருந்த மெய்யான கோப்புகளுக்கிடையே பொய்யான கடிதங்களையும் கண்காட்சிப் பட்டியல்களையும் செருகினார். ஆராய்ச்சியாளர் ஒருவர் நேர்மையாகவே காப்பகம் சென்று தேடினால், ஆதாரம் கிடைத்துவிடும்! ஓவியத்தைப் போலி செய்தது சிறு குற்றம். காப்பகத்தைக் கெடுத்தது பெருங்குற்றம். கிணற்றில் நஞ்சிட்டவனுக்கும் ஒரு குடத்தில் நஞ்சிட்டவனுக்கும் உள்ள வேறுபாடு இது. 1999இல் நீதிமன்றமும் ட்ரூவுக்கு ஆறாண்டும் மையட்டுக்கு ஓராண்டும் விதித்தது. போலிகளுள் பாதிக்கு மேல் மீட்கப்படவேயில்லை.

அரபு மொழியில் 'தத்லீஸ்' என்றொரு சொல் உண்டு. சந்தையில் சரக்கின் குறையை மறைத்து விற்பதற்கும் தத்லீஸ் என்றே பெயர். தன் செய்தித் தொடரிலுள்ள குறையை மறைத்து அறிவிப்பதற்கும் தத்லீஸ் என்றே பெயர். வணிகனுக்கும் அறிஞனுக்கும் ஒரே குற்றப்பெயரை வைத்த அம்மொழியின் நுட்பத்தை எண்ணி வியக்கிறோம். ஓவியச் சந்தையில் இவ்விரு தத்லீஸும் ஒன்றாய்க் கூடிவிட்டன.

"நாங்கள் நிபுணரின் கண்ணை நம்புகிறோம்" என்பார் சிலர். நிபுணரின் கண்ணை நாமும் மதிக்கிறோம். ஆனால் அக்கண் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்போம். வெர்மீர் ஓவியங்களில் உலகப் பேரறிஞரெனப்பட்ட ஆபிரகாம் பிரேடியஸ், 1937இல் 'எம்மாவூஸ் விருந்து' என்ற ஓவியத்தைக் கண்டு உருகி, வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்றே எழுதினார். ராட்டர்டாம் நகரத்து அருங்காட்சியகம் ஐந்து லட்சம் கில்டருக்கு மேல் கொடுத்து அதனைப் பெற்றது. வரைந்தவரோ ஹான் வான் மேகரன் என்ற சமகாலத்தவர். 1945இல் வேறொரு 'வெர்மீரை' நாஜித் தலைவன் கோரிங்கிற்கு விற்ற வழக்கில் சிக்கியபோது, 'நாட்டின் செல்வத்தை விற்கவில்லை. நான் வரைந்ததைத்தான் விற்றேன்' என்று அவர் வாக்குமூலம் கொடுத்தார். அதிகாரிகள் நம்பவில்லை. காவலில் வைத்தே இன்னொரு 'வெர்மீர்' வரைந்து காட்டினார்! பிரேடியஸின் கண் பழுதில்லை. தாம் முன்பே எதிர்பார்த்திருந்ததை அக்கண் கண்டது. அவ்வளவே.

கண்ணுக்குத் துணை அளவுகோல் என்றால், அளவுகோலும் கலப்படமாவதுண்டு. 1983இல் மேற்கு ஜெர்மனியின் 'ஷ்டெர்ன்' இதழ், ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று அறுபதுக்கு மேற்பட்ட ஏடுகளை 93 லட்சம் மார்க் கொடுத்து வாங்கி வெளியிடத் தொடங்கியது. கையெழுத்து நிபுணர்கள் 'ஒரே கைதான்' என்று உறுதி கூறினர். அவர்கள் கூறியது மெய். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் கொடுக்கப்பட்ட மாதிரிகளிலும், நாட்குறிப்பைப் புனைந்த கொன்ராட் குயாவின் கைச்சரக்கு கலந்திருந்தது! போலிக்குப் போலியே சான்று சொன்னது. மெய்யென்று முதலில் அறிவித்த ஆங்கில வரலாற்றறிஞர் டிரெவர்-ரோப்பர், அதனை வெளியிட உரிமை பெற்ற இதழ் நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவர் என்பதையும் மறவற்க. தனக்கு ஆதாயம் ஈட்டும் சாட்சியம் செல்லாது என்பது ஃபிக்ஹு நூல்களின் விதி. ஓவியச் சந்தையில் அவ்விதி தலைகீழ். ஜெர்மனியில் 2011இல் தண்டனை பெற்ற வொல்ஃப்காங் பெல்ட்ராக்கியின் போலிகள் சிலவற்றை மெய்யென்று எழுதிக்கொடுத்த நிபுணர் ஒருவர், அவற்றின் விற்பனையில் தரகுப்பங்கும் பெற்றிருந்தது பின்னர் வெளிவந்தது. விளையாட்டு வீரர்களின் ஒப்பமிட்ட பந்துகளை அமெரிக்கச் சந்தையில் குவித்த கூட்டத்தை 1990களின் இறுதியில் எஃப்.பி.ஐ. பிடித்தபோதும் இதே கதை. பந்துகளோடு சான்றிதழ்களும் தாராளமாகக் கிடைத்தன. அவற்றுள் அன்னை தெரசா ஒப்பமிட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்தும் ஒன்று. கல்கத்தாவின் குடிசைகளுக்கிடையே நடந்த அந்த அம்மையார் அமெரிக்கப் பந்தில் ஒப்பமிட எப்போது அமர்ந்தார் என்று யாராவது கேட்டார்களா?

வேதியியலைப் பற்றி ஒரு சொல். பெல்ட்ராக்கியை வீழ்த்தியது வெள்ளை நிறம். 1914இல் வரைந்ததாகச் சொல்லப்பட்ட ஓவியத்தில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. அந்நிறம் அக்காலத்து ஓவியர்க்குக் கிட்டாதது. ஹிட்லர் நாட்குறிப்பை வீழ்த்தியதும் தாளில் கலந்திருந்த பிற்கால வெளுப்புப் பொருளே. கதீபின் ஆண்டுக் கணக்கும் ஆய்வகத்தின் கணக்கும் ஒரே கணக்கு. ஆனால் ஆய்வகம் 'பொய்' என்று உறுதியாகச் சொல்ல வல்லது. 'மெய்' என்று சொல்ல வல்லதன்று. பழைய தாளும் பழைய மையும் தேடிப்பிடித்தவன் முன் அது மௌனமாகிவிடும். இப்னுல் பவ்வாப் பழைய தாளைத்தானே தேடினார்?

"அழகாக இருக்கிறது, கண்ணுக்கு விருந்தாகிறது, யார் வரைந்தால் என்ன?" என்பாரின் வாதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. கேட்க இனிமையானது. அப்படியே நம்புவோர், அடியிலுள்ள பெயரை மறைத்து வைத்து அதே விலை கொடுக்கட்டும், நாம் வாய்மூடிக்கொள்வோம். பெயருக்கு விலைகொடுத்துவிட்டு, பெயர் பொய்யானதும் அழகைத் தஞ்சமடைவது நேர்மையன்று. அன்றியும் எழுத்தானது ஓவியத்தைப் போல் சும்மா தொங்கிக்கொண்டிராது. அது பேசும். ஹிட்லர் நாட்குறிப்பு வெறும் பணமோசடியாக முடிந்தது நற்பேறு. அவ்வேடுகளில் தோன்றிய ஹிட்லர், யூதர்களின் படுகொலையைச் சரிவர அறியாதவனைப்போல், சற்றே இளகிய மனிதனாகத் தோன்றினான். லட்சக்கணக்கானோரின் சாவுக்கு ஒரு போலிக் கையெழுத்து சமாதானம் சொல்ல இருந்தது. பக்தாதில் வந்த ஆவணமும் அரசின் வரியைத் தொட்டது. போலி ஒப்பம் செல்வனின் பணப்பையை இளைக்கச் செய்வதோடு நின்றுவிட்டால் நாம் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டோம்.

அண்மையில் ஒருவர் நம்மிடம் அரபு எழுத்து ஏடொன்றைக் கொணர்ந்தார். பொன் பூசிய ஓரம்; அடியில் யாகூத் அல்-முஸ்தஃஸிமீயின் பெயர்; உடன் வழவழப்பான சான்றிதழ் ஒன்று. ஏட்டிலிருந்த ஹிஜ்ரி ஆண்டு, யாகூத் மறைந்து இருபதாண்டு கழிந்த ஆண்டு. 'யாரிடம் பெற்றீர்கள்?' என்றோம். சினம் கொண்டார். 'சான்றிதழைப் படியுங்கள்' என்றார். படித்தோம். கையொப்பம் மெய்யானது என்றிருந்தது. யார் வீட்டிலிருந்து, எந்த ஆண்டு, யார் கை வழியாக வந்தது என்பதைப் பற்றி ஓர் எழுத்துமில்லை. அவர் கொடுத்த தொகையைக் கேட்டு நாம் வாயடைத்துப் போனோம். மகளின் திருமணத்துக்கென்று வைத்திருந்த பணமாம்.

விற்போர்க்கு நாம் வைக்கும் கோரிக்கை ஒன்றே: 'மெய்யானது' என்ற சொல்லைச் சான்றிதழிலிருந்து நீக்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக, இன்னார் வீட்டில் இருந்தது, இன்ன ஆண்டு இன்னார் வாங்கினார், ஒப்பமிட்டதை இன்னார் நேரில் கண்டார் அல்லது எவரும் காணவில்லை, இதை எழுதிக்கொடுக்க எனக்குக் கிடைத்த தொகை இவ்வளவு என்று எழுதுங்கள். தெரியாத இடத்தில் 'தெரியாது' என்று எழுதுங்கள். இடையில் ஒரு கண்ணி அறுந்திருப்பதாலேயே ஒரு பொருள் பொய்யாகிவிடாது. அறுந்த இடத்தை மறைத்தால்தான் பொய்யாகும்.

நம் வாசகர்களின் வீடுகளிலும் பெரியோர் எழுதிய கடிதங்கள் உள்ளன. தலைவர்கள், புலவர்கள், ஆலிம்கள் தந்தையர்க்கு எழுதியவை. விற்க வேண்டாம், காலமானபின் பிள்ளைகள் விற்காமலிருப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே இன்றே ஒரு தனித்தாளில், இக்கடிதம் யாருக்கு, எதன் பொருட்டு, எப்போது வந்தது, அப்போது வீட்டில் இருந்தவர் யார் என்பதை எழுதி, தேதியும் பெயரும் இட்டு, கடிதத்தோடு வையுங்கள். கடிதத்தின் பின்புறத்தில் எழுதாதீர்கள். பிளாஸ்டிக் உறையை ஒட்டிச் சூடேற்றாதீர்கள். கடிதம் வந்த அஞ்சல் உறையைப் பலர் குப்பையில் எறிந்துவிடுகின்றனர். அஞ்சல் முத்திரையில் ஊரும் நாளும் இருக்கும். அதையும் சேர்த்து வையுங்கள்.